கிழக் குதிரைக்கு ஒரு பாலிசி

மனிதர்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கவே ஆயிரம் தடவை யோசிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். "உசுருக்கு வெல பேசறதுக்கு இவனாருங்க" என்று என் அப்பா ஏஜண்டுகளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் மகள் முதன்முதலாக எடுத்த பாலிசி, பதினேழு வயதான ஒரு குதிரையின் மேல். பாலக்காட்டு எல்லையில் இருக்கிற வடகரப்பதியில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது என் அண்ணன் சிரித்த சிரிப்பு நாலு தோட்டம் தாண்டிக் கேட்டிருக்கும். சிரிக்கட்டும். அந்தக் காகிதத்தை வைத்து நான் ஜெயித்தேன். ஜெயித்ததைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

ஐம்பதுகளின் நடுவில் அது. கோயமுத்தூரில் பிரசவ நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு மூணாறுப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி கீழே இருந்தது, பிள்ளை பெறுகிறவர்கள் மேலே இருந்தார்கள். மேல் டிவிஷன் என்று சொல்லப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு லயங்களுக்கு ஐந்து மைல் ஏற்றம். ஜீப் பாதி வழிதான் போகும், அதுவும் மழை இல்லாத நாளில். அதனால் எஸ்டேட் எனக்கு ஒரு குதிரையும், அதைப் பிடித்துக்கொண்டு கூட நடக்க ஒரு குதிரைக்காரரையும் கொடுத்திருந்தது. குதிரைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மலைக்கு வந்து இருபது வருடமாகியும் ஊர்ப் பேச்சு ஒரு எழுத்து மாறாதவர்.

குதிரைக்குப் பழைய துரை ஒருவர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தாராம். எங்கள் வாயில் அது நுழையவில்லை, குதிரைக்கும் அது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. மாட்டோடும் எருமையோடும் வளர்ந்த எனக்கு முதல் ஆறு மாதம் குதிரை என்றாலே பயம். ஏறி உட்கார்ந்ததும் குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்தால் இறங்கும்போதுதான் நிறுத்துவேன். பிறகு ஓர் ஆடி மாதத்து மழையில், மேல் டிவிஷனில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டு மூன்று நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை என்று ஆள் வந்தது. கிளம்பினோம். பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. குதிரைக்காரர் இழுத்தார், நான் திட்டினேன், அது அசையவில்லை. குதிரைக்காரர் கம்பால் தரையைத் தட்டிப் பார்த்தபோது, எங்களுக்கு முன்னால் பாதை என்று நாங்கள் நினைத்தது வெறும் புல் விளிம்பு என்று தெரிந்தது. அடியில் மண் மொத்தமும் சரிந்து போயிருந்தது. குதிரை தானாகவே திரும்பி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வேறு வழி கண்டுபிடித்து எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நானும் பிழைத்தேன். அன்றிலிருந்து எனக்கு அந்தக் குதிரையின் மேல் பாசம். இதை நான் எந்த மனிதரைப் பற்றியும் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை.

புதிதாக வந்த துரை ஒழுங்குக்காரர். எதற்கும் ஒரு விதி, ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. வந்த மூன்றாம் மாதம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"நர்சம்மா, அந்தக் குதிரை முடிஞ்சது. பதினேழு வயசு. வர்ற திங்கக்கிழமை நான் சுட்டுடறேன். உனக்கு வேற குதிரை வரும், அடுத்த வருஷம்."

வயதான குதிரையை வைத்துக் கஷ்டப்படுத்தக் கூடாது, ஒரே குண்டில் முடித்துவிட வேண்டும், அதுதான் கருணை என்பது வெள்ளைக்காரர்கள் வழக்கம். அவர் கொடியவர் இல்லை. தன் சொந்த நாயையே அப்படிச் சுட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர். அதனால் அவரிடம் அழுது பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு அழவும் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"சுட வேண்டாமுங்க துரை. எனக்குக் குடுத்துருங்க. நான் வெச்சுப் பாத்துக்கறனுங்க" என்றேன்.

துரை பேனாவை மூடி வைத்தார். "குடுக்கலாம். ஆனா எஸ்டேட் கொட்டகையில வெளி ஆள் பிராணி இருந்தா இன்ஷூரன்ஸ் இருக்கணும். அது ரூல். ரெண்டு மாசம் டைம். பாலிசி கொண்டுவந்து காட்டு. இன்னொண்ணு: அது நொண்டினா, யாருடைய குதிரைன்னு பார்க்க மாட்டேன். கஷ்டப்பட விடமாட்டேன்."

பக்கத்தில் நின்ற கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதை வைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்தது. பதினேழு வயதுக் குதிரைக்கு எவன் இன்ஷூரன்ஸ் கொடுப்பான்? முடியாது என்பதைத்தான் துரை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார், அது எனக்கு மட்டும் புரியவில்லை என்று கிளார்க் நினைத்தார். எனக்கும் புரிந்தது. ஆனால் அவர் வாயால் சொன்னது பாலிசி கொண்டுவா என்பதுதான். நான் சொன்னதைச் செய்கிற பெண்.

மாதம் ஒரு தடவை எஸ்டேட்டுக்கு ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜண்டு வருவார். பாலக்காட்டு அக்கிரகாரத்துக்காரர், பஞ்சகச்சமும் கோட்டும் போட்டவர். ஃபாக்டரிக்குத் தீ இன்ஷூரன்ஸ், கிளார்க்குகளுக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் என்று இரண்டும் எழுதுவார். குதிரைக்கு என்று நான் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"யாரும் கேக்காததைக் கேட்டுட்டேள். இருக்கு. மூணு தினுசு இருக்கு" என்று பையிலிருந்து மூன்று படிவங்களை எடுத்தார்.

முதலாவது விபத்துக்கு மட்டும். பள்ளத்தில் விழுந்தாலோ, இடி விழுந்தாலோ, சிறுத்தை அடித்தாலோ பணம் வரும். வயதைப் பற்றிக் கேள்வி இல்லை, டாக்டர் பார்க்க வேண்டியதில்லை, கட்டணமும் குறைவு. இரண்டாவது எந்தக் காரணத்தால் செத்தாலும் என்பது. நோயும் அதில் சேரும். ஆனால் பதினைந்து வயதுக்கு மேல் என்றால் கால்நடை டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், மதராஸ் ஆபீஸ் தனியாக யோசித்து முடிவு சொல்லும், கட்டணமும் கனம். மூன்றாவது, குதிரை உயிரோடிருந்து வேலைக்கு ஆகாமல் போனால் நஷ்ட ஈடு தருவது. அது பந்தயக் குதிரைகளுக்கு.

"மூணாவதைப் பத்திப் பேசவே வேண்டாம். ரெண்டாவது வாலிபக் குதிரைக்காக்கும். வயசான ஜீவனுக்கு முதலாவது எதேஷ்டம். இன்னைக்கே எழுதிடலாம். துரைக்குக் காட்டக் காகிதம்தானே வேணும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. துரை கேட்டது ஒரு பாலிசி, எந்தப் பாலிசி என்று அவர் சொல்லவில்லை. இருந்தாலும் படிவங்களை ஒரு நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மருந்துப் பாட்டிலின் சீட்டைக்கூட அடிவரை படிக்காமல் நான் திறந்ததில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்ததும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றையும் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

முதல் படிவத்தின் பின்பக்கத்தில், அடிபட்ட குதிரையை இரக்கத்தின் பொருட்டு உடனே கொன்றுவிட்டாலும் பணம் உண்டு என்று இருந்தது. இரண்டாவதன் பின்பக்கத்தில், ஒன்பதாவது நிபந்தனையாக இப்படி இருந்தது: இந்தக் குதிரையை, கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல், யாரும் எந்தக் காரணத்துக்காகவும் கொல்லக் கூடாது. கொன்றால் கம்பெனி பணம் தராது, கொன்றவரிடம் நஷ்ட ஈடு கேட்கும்.

நான் அதை நான்கு தடவை படித்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து ஐந்தாம் தடவை படித்தேன். குதிரை செத்த பிறகு வருகிற பணம் எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது அது சாகாமல் இருப்பது. முதல் பாலிசி துப்பாக்கிக்கு வழிவிட்டது. இரண்டாவது அதன் குறுக்கே நின்றது.

மறுநாள் ஏஜண்டிடம், "எனக்கு ரெண்டாவதுதானுங்க வேணும்" என்றேன்.

"என்னத்துக்கு அத்தனை சிரமம்? மதராஸ்காரா ஒத்துக்கமாட்டா."

"கேட்டுப் பாருங்க. ஒத்துக்கலீன்னா அப்பறம் பாக்கலாமுங்க."

அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார். வயது என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "பதினாலுன்னு போட்டுடட்டுமா? யாரு பல்லைப் பிடிச்சுப் பார்க்கப் போறா?" என்றார். பொய் வயது எழுதினால் பாலிசியே செல்லாது என்று நாலாவது நிபந்தனை சொல்கிறது என்றேன். அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடம் அதை விற்றுக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் படித்தார் என்று நினைக்கிறேன். பதினேழு என்றே எழுதினார்.

கால்நடை டாக்டர் மலையாளி. சமவெளியிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்தவர், தமிழ் அவ்வளவாகத் தெரியாது. அவர் குதிரையைப் பார்க்க வந்த நேரத்தில் எனக்கு ஓர் இரட்டைப் பிரசவம். குதிரைக்காரரிடம், டாக்டர் கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல், ஒன்றையும் மறைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் அதை அப்படியே செய்தார். அதுதான் வினையாயிற்று.

மூன்று வாரம் கழித்து மதராஸிலிருந்து கடிதம் வந்தது. மன்னிக்கவும், முடியாது. கூடவே டாக்டரின் அறிக்கையின் நகல். பல், கால், இதயம், மூச்சு எல்லாம் வயதுக்கு நன்றாக இருக்கின்றன. ஆனால் இந்தக் குதிரைக்கு ஒவ்வொரு வருடமும் குளிர்காலம் முழுவதும், கிட்டத்தட்ட நான்கு மாதம், விடாத காய்ச்சல் வருகிறது. காலையில் உடம்பெல்லாம் வியர்த்து நனைந்திருக்கிறது. மருந்து எதுவும் கொடுப்பதில்லை, சாக்குப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

குதிரைக்காரரைக் கூப்பிட்டு, தொண்டை கிழியக் கத்தினேன். அவர் பயந்துபோய், "நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா. அவுக மொதல்ல ஒண்ணு கேட்டாக. குதிரைக்குப் பனி வராறுண்டோன்னாக. பனி இல்லாம இருக்குமா ஐயா, கார்த்திகையில ஆரம்பிச்சா மாசி வரைக்கும் பனிதான்னேன். காலையில வந்து பாருங்க, முதுகெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும்னேன். மருந்து என்ன கொடுப்பேன்னு கேட்டாக. பனிக்குப் போயி யாராவது மருந்து கொடுப்பாகளா? சாக்கைப் போட்டு மூடுவேன், வெயில் வந்தா தானா போயிரும்னேன். இதுல என்ன பொய்யிம்மா?" என்றார்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எங்கள் வடகரப்பதிச் சந்தையில் இரண்டு பாஷையும் கலந்து ஓடும், சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆஸ்பத்திரியில் மலையாளிக் கிளார்க்குகள் "பனியாணு" என்று வந்தால் நான் தெர்மாமீட்டரைத்தான் எடுப்பேன். அந்த மலையில், கார்த்திகைப் பனிக்கு நடுவில் இருபது வருடம் வாழ்ந்த மனுஷனிடம் பனி உண்டா என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்?

ஆனால் சிரித்தால் பாலிசி வராது. துரை கொடுத்த கெடுவில் மூன்று வாரம்தான் மிச்சம். மறுநாளே பஸ் பிடித்து மூணாறில் டாக்டரின் ஆபீசுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அறிக்கையை, யாரோ வந்து சொன்னதற்காக மாற்ற முடியாது, ஆதாரம் வேண்டும் என்றார். "பத்து திவசம், காலத்தும் வைகிட்டும் டெம்பரேச்சர் எடுத்துக் கொண்டுவரணும். நர்ஸல்லே, செய்யான் பற்றும்" என்றார், நர்ஸ்தானே, உன்னால் முடியும் என்று.

குதிரைக்குத் தெர்மாமீட்டர் எங்கே வைப்பது என்று கேட்டேன். அவர் சொன்னார். பத்து நாள், தினம் இரண்டு வேளை, குதிரைக்காரர் முன்னால் நின்று வெல்லம் கொடுத்து ஏமாற்ற, நான் பின்னால் நின்று என் படிப்பில் சொல்லித்தராத அந்த வேலையைச் செய்தேன். லயத்துப் பெண்கள் இலை பறிக்கப் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "நர்சம்மா, அதுக்கு எப்ப பிரசவம்?" என்று ஒருத்தி கேட்டாள். அது ஆண் குதிரை.

முதல் நாள் காலையில் சூடு பார்த்தேன். நூறு. சாயங்காலம் நூறுக்கு மேல் நாலு புள்ளி. மறுநாளும் அப்படித்தான். மனிதருக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் கொஞ்சம் ஏறினாலே சார்ட்டில் சிவப்பு மையால் எழுதுகிறவள் நான். அப்படியென்றால் குதிரைக்கு உண்மையாகவே காய்ச்சலா? டாக்டர் தப்பாகப் புரிந்துகொண்டு சரியாக எழுதிவிட்டாரா? ஐந்தாம் நாள் சாயங்காலம் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கெட்ட யோசனை செய்தேன். இரண்டு டிகிரி குறைத்து எழுதினால் யாருக்குத் தெரியும்? அப்படி எழுதவில்லை. என்னை உத்தமி என்று யாரும் நினைக்க வேண்டாம். சார்ட்டில் பொய் எழுத என் கைக்கு வராது, அவ்வளவுதான். இருபது எண்களையும் இருந்தபடியே எழுதினேன், பெரும்பாலும் சிவப்பில்.

பதினோராம் நாள் டாக்டரின் மேஜையில் சார்ட்டை வைத்துவிட்டு, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இது எந்தினா சிவப்பு மஷி?" என்றார்.

"நூறுக்கு மேல இருக்குதுங்களே டாக்டர்."

அப்போதுதான் அவர் சிரித்தார். குதிரைக்கு அதுதான் சரியான சூடு, இதைவிடக் குறைந்திருந்தால்தான் தனக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்றார். பொய்யாக எழுத நினைக்கிறவர்கள் எல்லாரும் தொண்ணூற்றெட்டு என்றுதான் எழுதுவார்களாம். பழைய அறிக்கையை ரத்து செய்து, புதிதாக ஒன்றை என் கண் முன்னால் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கவரை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கத்து சீட்டுக்காரியிடம் குதிரையின் சரியான சூடு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாவம், அவள் எனக்கும் அப்பால் பூப்பாறை வரைக்கும் போகிறவள், நடுவில் இறங்கித் தப்பிக்க வழியில்லை.

ஏஜண்டு மதராஸுக்குத் தந்தி அடித்தார். கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது பாலிசி வந்தது. துரை அதை வாங்கி முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார், தலையை ஆட்டினார், பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கிளார்க்கிடம் கொடுத்தார். கிளார்க் இந்தத் தடவை குனியவில்லை.

ஒரு மாதம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் காலையில் குதிரைக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். "அம்மா, குதிரை முன்னங்காலை ஊன்ற மாட்டேங்குது. துரை கொட்டகைக்கு வந்துட்டாக. துப்பாக்கி வெச்சிருக்காக."

பாலிசியை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு அந்த ஓட்டம் இன்னும் கால்களில் இருக்கிறது. குதிரை கொட்டகை வாசலில் வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. துரை பத்தடி தூரத்தில் நின்றார். அவர் முகத்தில் கோபமில்லை, துக்கம்தான் இருந்தது.

"நர்சம்மா, நீ போ. நீ பார்க்க வேணாம். கஷ்டப்படுது."

நான் மூச்சு வாங்கியபடியே காகிதத்தைத் திருப்பி நீட்டினேன். "ஒம்பதாவது நிபந்தனையப் படியுங்க துரை."

அவர் துப்பாக்கியைக் கை மாற்றிக்கொண்டு படித்தார். ஒருமுறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். "நான் ஒரு குதிரையைச் சுட மதராஸ்ல இருக்கிற குமாஸ்தாகிட்ட சம்மதம் கேட்கணுமா?"

"ஆமாங்க துரை. எழுத்து மூலமா."

வேறு யாராக இருந்தாலும் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். அவர் விதிகளின் மனிதர். விதி தன் பக்கம் இல்லை என்றாலும் அதை மீற அவரால் முடியாது. துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை வெளியே எடுத்தார். "இன்னைக்கே எழுதறேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தார். எழுதவும் எழுதினார். தபால் மலையிறங்கி மதராஸ் போய்த் திரும்ப எப்படியும் பத்து நாள்.

குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். இடுக்கில் ஒரு கூர்மையான கல் ஏறிப் பதிந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. எலும்பு முறியவில்லை, நரம்பு பிசகவில்லை. கல்லை எடுத்து, சீழை வடித்து, உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, தவிட்டுக் கட்டுப் போட்டோம். நாலாம் நாள் அது காலை ஊன்றியது. ஏழாம் நாள் நடந்தது. எட்டாம் நாள் வெல்லத்துக்காக என் தோளை முட்டியது. நான் அங்கேயே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன், துரையிடம் அழாததையெல்லாம் சேர்த்து.

பதினோராம் நாள் தபால் வந்தது என்று கிளார்க் வந்து சொன்னார். கால்நடை டாக்டர் பரிசோதித்து, பிழைக்க வழியில்லை என்று எழுதிக் கொடுத்தாலொழிய சம்மதம் இல்லை என்று கம்பெனி எழுதியிருந்ததாம். துரை பங்களா வராந்தாவில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார் என்றும் கிளார்க் சொன்னார்.

நான் குதிரைக்காரரிடம் சேணம் போடச் சொன்னேன். பங்களா வழியாகவே போனோம். குதிரை நாலு காலையும் சமமாக வைத்து, கல் பாதையில் டக்டக்கென்று சத்தம் கேட்க நடந்தது. துரை கடிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். எழுந்து நின்று தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார். அது எனக்கா குதிரைக்கா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு மேல் டிவிஷனில் எனக்கு எந்தப் பிரசவமும் இல்லை. இருந்தாலும் ஐந்து மைலும் போய்விட்டு வந்தேன்.